கமலா மிஸ்ஸும் இலையின் கீழ்ப்பக்கமும்

கமலா மிஸ் தவறிய செய்தியை எனக்குச் சொன்னவர் ஓலைத்தொடுவாய் பிலோமினா அக்கா. "தம்பி, எங்கட மிஸ் மோசம் போயிட்டா. நாளைக்கு முருங்கனில எடுக்கினமாம்," என்றார். நாங்கள் வேலை பார்த்த கந்தோரிலிருந்து யாரும் அறிவிக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களை அப்படித்தான் மறப்பார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, கொஞ்சம் இருக்கிறது.

மீள்குடியேற்றக் காலத்தில் அவரும் நானும் விவசாயப் போதனாசிரியர்கள். ஒரே அறையில் எதிரெதிர்க் கதிரைகள். மேலதிகாரி மத்தியானத்தில் தோட்டம் பார்க்கப் புறப்பட்டால் மிஸ் அசையமாட்டார். "பன்னிரண்டு மணிக்கு இலை கதவைச் சாத்திப்போடும் சேர். வாடினது எது, வருத்தக்கார இலை எது எண்டு உங்களுக்குத் தெரியாது. விடிய வாங்கோ," என்பார். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று உள்ளே போகும், நீராவி வெளியே வரும். வெயில் ஏறினால் தண்ணீரைக் காக்க இலை அவற்றை மூடிக்கொள்ளும். இதை அவர் மேலதிகாரிக்கு விளக்கும்போது நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது, அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பிலோமினா அக்கா குடும்பம் கடலுக்கு அப்பால் மண்டபம் அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியது. கணவர் சூசை அண்ணைக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. "இந்த மண்ணில ஒண்டும் வராது. தேசிக்கண்டு பட்டுப்போச்செண்டா திரும்பிப் போறம்," என்று சொல்லிவிட்டார். எலுமிச்சையைத் தேசி என்போம்; நாங்கள் கொடுத்த பத்துத் தேசிக்கன்றுகளைத்தான் அக்கா நம்பியிருந்தார்.

வேலி கிடையாது. கழுதையும் ஆடும் வந்து கடித்தன. படகுக்குப் பூசும் சுறா எண்ணெயை இலையில் பூசினால் நாற்றத்துக்கு ஒன்றும் கிட்ட வராது என்று எனக்கொரு யோசனை. மாதா கோயில் விறாந்தையில் நடந்த கூட்டத்தில் சொன்னேன். என் பேச்சை அங்கே யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அதனால், "மிஸ் சொல்லிவிட்டவ," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எண்ணெய் பூசியபின் கழுதை வரவில்லை. இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. சூசை அண்ணை பெட்டி கட்டத் தொடங்கினார்.

மிஸ் வந்து ஒரு இலையைத் திருப்பி விரலால் தடவினார். "ஆர் எண்ணெய் பூசச் சொன்னது?"

"நீங்கள்தானே மிஸ் சொல்லிவிட்டனீங்கள்," என்றார் அக்கா.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா, பிழை விட்டிட்டம். மனுசருக்கு மூக்கு முன்னுக்கு, தேசி இலைக்குக் கீழ்ப்பக்கம். அதைப் பொத்திப்போட்டம். மண்ணில ஒரு பிழையுமில்லை."

சூசை அண்ணை நம்பவில்லை. எண்ணெய் படாமல் தப்பியிருந்த ஒரு கன்றில், ஒரு கொப்பின் இலைகளுக்கு மேல்பக்கம் மட்டும், இன்னொரு கொப்புக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் மிஸ் எண்ணெய் தடவினார். "இரண்டு கிழமை பொறுங்கோ அண்ணை. பிறகு பெட்டியைக் கட்டுங்கோ."

இரண்டு வாரம் கழிந்தது. கீழ்ப்பக்கம் பூசியவை உதிர்ந்தன. மேல்பக்கம் பூசியவை பச்சையாகவே நின்றன. சூசை அண்ணை இரண்டு கொப்பையும் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய வலைகளை எடுத்து வேலி கட்டப் போனார். மற்றக் கன்றுகளில் ஏழு பிறகு துளிர்த்தன.

திரும்பும் வழியில், பாலம் தாண்டும்போது மிஸ் சொன்னார்: "இனி என்ர பேரில ஏதும் சொல்லுறதெண்டா, எனக்கும் சொல்லிப்போட்டுச் சொல்லுங்கோ." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

செத்தவீட்டுக்கு அக்கா ஒரு பை தேசிக்காயோடு வந்திருந்தார். "பிழையை ஒத்துக்கொண்ட ஒபிசர் இவ ஒராள்தான். அதாலதான் எங்கட மனுசன் நம்பி நிண்டவர்," என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். நான் அன்றும் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இதை எழுதுமுன் ஓலைத்தொடுவாய்க்குப் போய் உண்மையைச் சொன்னேன். அக்கா தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. மிஸ் சொல்லியிருந்தா எந்தப் பக்கம் பூசுறதெண்டும் சொல்லியிருப்பா."

மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. இலையைக் கண்டால் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்று. மற்றது அந்தப் பிழை. இத்தனை வருடம் அவர் வைத்திருந்தார். இனி நான் வைத்திருக்கிறேன்.