பச்சை பெல்ட்டும் என் வலது தொடையும்

பிள்ளைகளா, நீங்கள் ஹாஸ்டலில் இருந்த அந்தப் புரட்டாசியில், அப்பாவுக்குக் கால் சரியில்லை என்று மட்டும்தான் அம்மா போனில் சொன்னாள். மீதியை நான் எழுதி வைக்கிறேன். அவளிடம் கேட்டால் சிரித்துச் சிரித்தே பாதியை விட்டுவிடுவாள்.

முதலில் வலது தொடையின் வெளிப்பக்கம் எறும்பு ஊறுவது போல இருந்தது. வேட்டியை உதறிப் பார்த்தேன், எறும்பு இல்லை. பிறகு மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. எரிகிற இடத்தையே கிள்ளினால் உணர்ச்சி இல்லை. எரியவும் செய்கிறது, மரத்தும் இருக்கிறது. இப்படி ஒரு வியாதியை யாரிடம் போய்ச் சொல்வது?

உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்திருந்தது. உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊரே என் காலுக்குக் காரணம் தேடப் புறப்பட்டது. உரக்கடை அண்ணாச்சி, மருந்தடித்தபோது விஷம் ஏறியிருக்கும் என்றார். எண்ணெய் போடும் வைத்தியர், வாதத்தின் ஆரம்பம் என்றார். மந்திரிக்கிறவர், பாம்பு படுத்த தடத்தை நான் மிதித்துவிட்டதாகச் சொல்லி, இடுப்பில் ஒரு கறுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அந்தக் கயிற்றுக்கு மேலேதான் என் பச்சை பெல்ட்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாதம் கண்மாயில் கால் கழுவக் குனிந்தபோது மடியிலிருந்த பழைய போன் தண்ணீருக்குள் போய்விட்டது. பலகை அகலத்தில் ஒரு புதுப் போன் வாங்கினேன். அதுவும் போய்விடக் கூடாதென்று, பை வைத்த பச்சை பெல்ட்டுக்குள் திணித்து, வலது இடுப்பில் இருக்கும்படி இறுக்கிக்கொண்டேன். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. யாராவது புதிதாக ஒரு வியாதி சொன்னால் பயத்தில் இன்னும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டுவேன். இறுக்கினால் ஒரு தைரியம்.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் மாமா என்னைப் பார்க்க வந்தார். "நீங்க கவலப்படாதீய அத்தான். இந்த வருசம் நிலத்த நான் வாரத்துக்கு எடுத்துச் செய்யுதேன், வெளஞ்சதுல பங்கு தாரேன்," என்றார். முகத்தில் கவலை உண்மையாகவே இருந்தது. டிராக்டருக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. அவர் ஒருமுறை நிலத்தில் இறங்கினால் திரும்ப ஏறமாட்டார். அது எனக்கும் தெரியும், அவரோடு கூடப் பிறந்த அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மறுநாளே என்னைக் கோவில்பட்டியில் நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

அவர் திருநெல்வேலிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். அங்கே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கயிற்று முடிச்சு அவிழாமல் கத்தரியால் வெட்டினார்கள். காலையெல்லாம் ஒரு தொளதொள அங்கியோடு காத்திருந்து, கொட்டு அடிக்கிற மாதிரி சத்தம் போடும் மெஷினுக்குள் படுத்து எழுந்தேன். தொடை குளுகுளுவென்று இருந்தது. சந்தோஷமாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கயத்தாறு தாண்டுவதற்குள் பழையபடி எரிச்சல்.

மறுபடி டாக்டரிடம் போனோம். முதுகுத்தண்டில் ஒன்றும் இல்லை என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னைய அந்த மெஷின்ல இன்னொரு தடவ படுக்க வைங்க டாக்டர். அதுல படுத்தா நல்லாக் கேக்குது," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். படுக்கும்போது எதையெல்லாம் கழற்றினேன் என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள்.

"எல்லாத்தையுந்தான் கழட்டி என் கையில தந்தாவ. அப்பத்தான் பாத்தேன், இவிய இடுப்பு உடுக்கை மாதிரி பள்ளம் விழுந்து கெடக்கு."

டாக்டர் என் பெல்ட்டைக் கழற்றி, இடுப்பெலும்பின் ஓரத்தில் ஒரு விரலால் அழுத்தினார். தொடை முழுக்கப் பற்றிக்கொண்டது. தொடைக்குப் போகிற ஒரு நரம்பு அந்த வழியாக இறங்குகிறதாம். அதைத்தான் நான் ராப்பகலாக நெரித்திருக்கிறேன். வாதமும் இல்லை, பாம்பும் இல்லை. இனி பெல்ட் போடக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைகளா, டாக்டரிடம் போனால், பைத்தியம் பேசுகிற மாதிரி கோட்டித்தனமாகத் தோன்றுவதையும் சொல்லிவிடுங்கள். நான் அந்த மெஷினைக் கேட்டதால்தான் தப்பித்தேன்.

விதைப்புக்குள் எரிச்சல் பாதி குறைந்தது. நானே நின்று விதைத்தேன். போன் அம்மாவின் தூக்குப்பையில் இருந்தது. பயிர் முளைத்தபின் மாமா வந்து வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்தவர், ஆணியில் சும்மா தொங்கும் பெல்ட்டையாவது தரக் கூடாதா என்றார். தளர்த்திப் போடும்படி சொல்லித்தான் கொடுத்தேன்.

தை மாதம் பிறந்த வீட்டுச் சீராக அம்மாவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தபோது மாமா வலது தொடையைத் தடவிக்கொண்டே நின்றார். "எறும்பு ஊறுத மாதிரி இருக்கு அத்தான்."

"நீ கவலப்படாத மாப்ள," என்றேன். "இந்த வருசம் ஒன் நிலத்த நான் வாரத்துக்கு எடுத்துச் செய்யுதேன்."

அடுப்படியில் அம்மா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.