ஐந்து விநாடிக்கு அப்புறம் ஒரு டிக்

அந்த இரண்டு பெட்டிகளும் அக்கா வீட்டுக்கு வந்த நாளில் கதவைத் திறந்தது நான்தான். இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே அத்தான், புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. இருபத்தோரு வருடம் ஆகிறது.

"ஒரு டிவி பாக்க இவ்வளவு பெரிய பெட்டியா? யானையக் கட்டித் தீனி போட நம்மால முடியுமா?" என்றாள் அக்கா.

"ரெண்டு பெட்டிம்மா. இது பிராசசர், மூளை. எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகணும்னு இதுதான் முடிவு பண்ணும். அது ஆம்ப்ளிஃபயர், உடம்பு. யோசிக்கத் தெரியாது, முக்கி முக்கி வேலை செய்யும்."

"நம்ம வீட்டுலயும் அப்படித்தானே!" என்றாள் அக்கா. யார் மூளை என்று அவள் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் வரிசைப்படிதான் செய்வார். முதலில் பிராசசர், பிறகு ஆம்ப்ளிஃபயர், அணைக்கும்போது தலைகீழ். ஆம்ப்ளிஃபயர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததால் குனிந்துதான் ஸ்விட்ச் போட வேண்டும். போட்ட பிறகு ஐந்து விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இனி படம் போடலாம் என்று அர்த்தம். உடனே அடுப்படியிலிருந்து அக்கா, "வந்தாச்சு!" என்பாள், யாரோ விருந்தாளி வாசலில் நிற்கிற மாதிரி.

அக்காவுக்குப் பாம்புக் காது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுவது எந்த டாக்டர், இன்றைக்கு யார்மேல் கோபம் என்று சொல்லிவிடுவாள். அவள் ஓய்வு பெற்ற அன்று மேடையேறிய எல்லோரும் பேசியது அந்தக் காதைப் பற்றித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் நான் அங்கே ஆஜர். அந்த அறையில் எத்தனை படங்கள்! என் மடியில் தூங்கிப்போன அவர்கள் மகன், மீசை முளைத்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். சோபா மூன்று முறை மாறியது, டிவி நான்கு முறை. பெட்டிகள் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. குளிர் நாட்களில் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துச் சூடு காய்வோம். அந்தச் சூடான தூசி வாசனைக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

ஐந்தாறு வருடமாக ஒரு மாற்றம். பாட்டு, மழை, கார் எல்லாம் பழையபடிதான். பேச்சு மட்டும் காதைக் கிழித்தது. கதாநாயகி ரகசியம் சொன்னால் தெருமுனை வரை கேட்கும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அத்தான், உங்க மூளைக்கு வயசாயிடுச்சு. நான் பெட்டியச் சொன்னேன்!"

அவர் சிரிக்கவில்லை. அக்கா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன நேரம் பார்த்து, ரிமோட்டை அமுக்கித் திரையில் ஒரு எண்ணைக் காட்டினார். நடு ஸ்பீக்கர், எட்டு. பேச்சு முழுக்க வருவது அதில்தான்.

"இது சைபர்ல இருந்துச்சு, வாயாடி. ஒரு நாள் டிக் வந்தும் உங்கக்கா 'வந்தாச்சு' சொல்லல. மறுநாள் சொல்லிட்டா, நானும் விட்டுட்டேன். ஆனா படம் பாக்கும்போது 'என்ன சொன்னான், என்ன சொன்னான்'னு கேக்க ஆரம்பிச்சா. ஒண்ணு ஏத்தினேன். கேக்குறத நிறுத்திட்டா. அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு ஏறிப் போச்சு."

"டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"உனக்குக் காது கேக்கலன்னு அவகிட்டப் போய் நான் சொல்லவா? அந்தக் காதை வச்சு முப்பது வருஷம் தலை நிமிந்து நடந்தவ." ரிமோட்டைக் கீழே வைத்தார். "பத்துக்கு மேல இது ஏறாது. இன்னும் ரெண்டுதான் இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று கோபம் வந்தது. அழுகையும் வந்தது. வாயைப் பூட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

போன மாதம் ஆம்ப்ளிஃபயர் கருகல் வாடையோடு கண்ணை மூடியது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு உள்ளே போடும் சாமான் இப்போது வருவதில்லை என்றார். மகன் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினான். கையில் எடுத்தால் எடையே இல்லை. பழையதை வெளியே போட அத்தானுக்கு மனம் வரவில்லை; அதன் முதுகிலேயே புதியதை உட்கார வைத்தார். பிராசசர் பழையதுதான் என்பதால் எட்டு எட்டாகவே இருந்தது.

சனிக்கிழமை அத்தான் குனிந்து ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. புதியதற்கு டிக்கே கிடையாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது, சரியாக ஐந்து விநாடிக்கு அப்புறம்.

"வந்தாச்சு!"

குனிந்த அத்தான் நிமிரவே இல்லை. நான் எழுந்து அக்காவிடம் போனேன். அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அத்தானின் முதுகு நன்றாகத் தெரிகிறது.

"அக்கா, புதுசுல டிக் சத்தமே வராது," என்றேன் பக்கத்தில் நின்று.

கரண்டியை வைத்துவிட்டாள். "அவர் குனிஞ்சா அஞ்சு எண்ணுவேன்," என்றாள். "ஆறு வருஷமா."

"ஏன்க்கா?"

"எவ்வளவு ஆசையா வாங்கினாரு. எனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா, அப்புறம் யாருக்காகப் போடுவாரு?"

அத்தான் பின்னால் வந்து நின்றிருந்தார். எட்டின் கதையைத் தன் வாயாலேயே சொன்னார், ஒவ்வொரு எண்ணாக. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடப்பாவி மனுஷா! இப்பல்லாம் படத்துல நல்லா தெளிவாப் பேசுறாங்கன்னுல்ல நான் நெனச்சுட்டு இருந்தேன்!"

சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே காது டாக்டரைப் பார்த்தார்கள். இரண்டு காதுக்கும் கருவி வந்தது.

அடுத்த சனிக்கிழமை அத்தான் எட்டை இரண்டுக்கு இறக்கிவிட்டுக் குனிந்தார். ஸ்விட்ச் போட்டார். அடுப்படி அமைதியாக இருந்தது.

"என்னங்க, போட்டாச்சா இல்லையா?" என்று குரல் வந்தது. "நான் எண்ணல. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு பழைய பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாக்கை மேலே ஒட்டி மெல்ல ஒரு 'டிக்' போட்டார். சோபாவில் இருந்த எனக்கே லேசாகத்தான் கேட்டது.

"வந்தாச்சு!" என்றாள் அக்கா.