நாற்பது அடியும் ஐந்து அங்குலமும்

போன மாதம் அண்ணன் மகன் வேலை செய்கிற பேட்டர்ன் பட்டறைக்குப் போயிருந்தேன். சிங்காநல்லூரில் இருக்கிறது. இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுப்பார்களே, அந்த வேலை. எனக்கு அங்கே ஆக வேண்டியது ஒன்றுமில்லை. சாமி அலமாரிக்கு ஒரு பலகையை ஓசியில் வெட்டி வாங்கும் ஆசைதான். மேசைமேல் கிடந்த பித்தளை ஸ்கேலை எடுத்துப் பலகையில் வைத்தேன். பையன் பதறிவிட்டான்.

“ஏனுங்கத்தை, அதுல அளக்காதீங்க! அது வார்ப்படத்து ஸ்கேலுங்க. ஊத்துன இரும்பு ஆறுனா சுருங்குமில்லீங்களா, அதுக்காக அடிக்கு ஒரு நூல் கூட வெச்சிருக்கும். ஊட்டுச் சாமானுக்கு ஆகாதுங்க.”

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆனாலும் நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இதே மாதிரி ஒரு பித்தளை ஸ்கேல் எங்கள் பழைய வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், பொட்டு வைத்துக்கொண்டு தொங்கியது.

அந்த வீட்டைக் கட்டியவர் அப்பாவின் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் மில்லில் பேட்டர்ன் ஆசாரியாக இருந்தவர். கொத்தனாரை நம்பாமல் சுவர், கதவு நிலை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் தானே அளவு வைத்தாராம். எந்தக் கோலால் வைத்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் கடையில் வாங்கிய எதுவும் சரியாகப் பொருந்தாது. ஜன்னலுக்கு அந்த ஸ்கேலில் அளவெடுத்துச் சொல்லி, கடையில் வெட்டி வந்த கண்ணாடி லொடலொடவென்று ஆடும். “கடக்காரன் ஏமாத்திப்போட்டான்” என்று அப்பா டவுனில் இருக்கிற அத்தனை கடைக்காரர்களையும் திட்டுவார். நான் காகிதம் மடித்து இடுக்கில் செருகுவேன். கணக்குப் பரீட்சைப் பேப்பர் அதற்கு மிகவும் உதவியது. அந்த ஜன்னல் தெற்கிலா, மேற்கிலா? அண்ணனைக் கேட்டால் அங்கே ஜன்னலே கிடையாது என்கிறான். இப்போது எனக்கும் சந்தேகமாக இருக்கிறது.

பக்கத்து வீடு கந்தசாமி மாமாவுடையது. வார்ப்படத்தில் மண் அச்சுப் போடுகிறவர். அவர் மகள் சரோஜாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒருமுறை மாமா காம்பவுண்டு கட்டுவதற்காக சர்வேயரைக் கூட்டிவந்தார். பத்திரத்தில் எங்கள் இடம் நாற்பது அடி அகலம். டேப்பிலோ எங்கள் வீடே நாற்பது அடி ஐந்து அங்குலம் காட்டியது. ஐந்து அங்குலம் மாமாவின் மண்ணில் நின்றது.

அப்பா உள்ளே ஓடிப் பித்தளை ஸ்கேலைக் கழற்றி வந்தார். தெருவே பார்க்க, மண்டி போட்டுச் சுவர் நெடுக அளந்தார். கச்சிதமாக நாற்பது.

“எங்க தாத்தன் திருடனா?”

“நான் அப்படிச் சொல்லலீங்களே” என்றார் மாமா. அத்தோடு பேச்சு நின்றது. எனக்கும் சரோஜாவுக்கும் சேர்த்துத்தான் நின்றது. அப்பாவும் மாமாவும் கடைசிவரை பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாற்பது அடிக்கு நாற்பது நூல், அதாவது ஐந்து அங்குலம். இரண்டு பேர் சொன்னதும் சரி! அப்படியானால் தப்பு யாருடையது? பெரியவர் கைப்பழக்கத்தில் அந்தக் கோலை எடுத்தாரா? தெரிந்தேதான் எடுத்தாரா? கட்டி முடித்தால் வீடும் சுருங்கும் என்று நினைத்தாரோ என்னவோ. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பொள்ளாச்சியில் இருக்கும் சரோஜாவின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போனில் இதைச் சொன்னேன். அவள் கொஞ்சங்கூட ஆச்சரியப்படவில்லை.

“எங்கப்பாவுக்கு அது அப்பவே தெரியும் அம்மணி. வார்ப்படத்துக்காரருக்கு அந்த ஸ்கேலு தெரியாதா? ஒரு வாரம் ரோசன பண்ணி, அதச் சொல்லத்தான் உங்கூட்டுக்கு வந்தாரு. உங்கப்பா இல்லீன்னு யாரோ சொல்லிப்போட்டாங்களாமா. அப்புறம் அவரு வரல. யாரு அது, உங்கண்ணனா?”

“அவனாத்தான் இருக்கும்” என்றேன்.

நான்தான். அன்றைக்கு அப்பா கதவுக்குப் பின்னால் நின்று, இல்லையென்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார். “அப்பா ஊட்டுல இல்லீங்க மாமா” என்றேன். மாமா வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார். “செரி கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரோஜாவிடம் ஏன் மறுபடியும் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. மனசு கேட்காமல் மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனேன். இரண்டு வீடும் இல்லை. ஒரு துணிக்கடைக்கு வண்டி நிறுத்துகிற இடமாகச் சேர்த்துத் தார் போட்டிருக்கிறார்கள். எங்கள் வாசல் எது, அவர்கள் வாசல் எது என்று இரண்டு சுற்றுச் சுற்றியும் பிடிபடவில்லை. “அப்பா உள்ளதான் இருந்தாருங்க மாமா” என்று வாய்க்குள் சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.