அய்யாவுக்கு மூன்று நிமிடம்

எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் வேலை பார்ப்பது என்றால், டெல்லியில் இருப்பவருக்குச் சேர வேண்டிய ஏச்சை நீடாமங்கலத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வது. ரேஷன் கடையிலோ, வங்கியிலோ, மின்சார ஆபீஸிலோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "மேலே எழுதியிருக்கோம்" என்று ஒரு தடவையாவது சொன்னவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் எம்.பி.யை ஊரே அய்யா என்று கூப்பிடும். மேடை ஏறினால் கையில் துண்டுக் காகிதம் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவார். நான் அவருடைய உதவியாளர். வருகிறவர்களுக்கு மேடம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போயும் விடும். நாட்டில் பண நெருக்கடி, வரவு சுருங்கிவிட்டது, செலவைக் குறைக்க வேண்டும் என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த ஒரு வருடத்தில் நடந்தவை இவை.

வாய்க்காலும் டெல்லியும்

காலையில் கதவைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் வந்து நின்றார். அவர் ஊர் வாய்க்காலை இன்னும் தூர் வாரவில்லையாம். "அது மாநில அரசு வேலைங்க. அய்யா டெல்லியில வரி, பட்ஜெட், மத்திய அரசுத் திட்டம், இதைப் பத்தித்தான் பேச முடியும்" என்று பாடமே எடுத்தேன். எது யார் பொறுப்பு என்று கையால் கோடு கிழித்தும் காட்டினேன்.

மனிதர் பொறுமையாகக் கேட்டார். நான் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஓட்டு கேக்க வந்தப்ப அவரு அந்த வாய்க்கா கரை மேலதான் மேடம் நடந்து வந்தாரு. அப்ப அது டெல்லி வாய்க்காலா?"

பிரித்த கூரை

இந்திராணி அக்கா குடவாசல் பக்கத்து ஊர். நடவுக்குப் போகிறவர், கணவர் இல்லை. அரசு வீடு கட்டும் திட்டத்தில் அவர் பேர் வந்தது. வேறு மனை கிடையாது என்பதால் இருந்த கூரை வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில்தான் கட்டியாக வேண்டும். பிரித்தார். அஸ்திவாரத்துக்குப் பணம் வந்தது, சுவருக்கு வந்தது, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வரை எழும்பியது. அதோடு நின்றுபோனது. மேல் கான்கிரீட்டுக்கு வர வேண்டிய தவணை வரவில்லை. கேட்டால் நிதி நெருக்கடி என்றார்கள். அக்கா அந்தச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார். அப்போது ஆடி மாதம். ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வயல் வேலை முடித்து, பஸ் பிடித்து வருவார். சத்தம் போடவே மாட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு அன்றோடு மறந்திருப்பேன். "மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்குதுக்கா, வரியும் செலவும் வீட்டுத் திட்டமும்தான் விவாதமாம், அய்யா பேசுவாரு" என்று தைரியம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "பேசட்டும். பணம் இல்லேன்னாக்கூடப் பரவால்ல மேடம், என் கூரையைத் திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க."

இருபத்தாறு கிலோ

அய்யா பேசப்போகிறார் என்ற செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லி வந்தார்கள். அரிசி ஆலை கோவிந்தராசு ஸ்கூட்டரில் ஒரு மூட்டையையே கொண்டுவந்து என் மேசை மேல் தொப்பென்று போட்டார். அதற்குள் இருபத்தாறு கிலோ அரிசி. இருபத்தைந்து வரைக்கும் அடைத்து விற்றால் வரி, அதைத் தாண்டினால் வரி இல்லை. அதனால் எங்கள் பக்கத்து ஆலைகளில் பாதி இருபத்தாறு கிலோ பைக்கு மாறியிருந்தன. "பெரிய மூட்டை வாங்க வசதி இருக்கறவனுக்கு வரி இல்ல. அஞ்சு கிலோ வாங்குற ஏழைக்கு வரி. இதுக்குப் பேரு வரியா மேடம்? அய்யா கேக்கணும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார், நான்தான் நிதியமைச்சர் போல.

பெஞ்சில் இருந்த இந்திராணி அக்கா எழுந்து வந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். கோவிந்தராசு தனக்கு ஆதரவாக ஒரு குரல் கிடைத்தது என்று மீசையைத் தடவிக்கொண்டார். அக்கா சொன்னார்: "வரி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பை நல்லா கெட்டியா இருக்கு. காலிப் பை இருந்தா ரெண்டு குடுங்க, தார்ப்பாய் கிழிஞ்ச இடத்துல வச்சுத் தைப்பேன்."

ஒத்திகை

எல்லார் கோரிக்கையையும் சேர்த்ததில் பேச்சு ஒரு கல்யாணச் சமையல் சாமான் சீட்டு நீளத்துக்கு வளர்ந்தது. அய்யாவுக்கு ஒதுக்கிய நேரமோ மூன்று நிமிடம். வெட்டி வெட்டி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தேன், அதில் முதல் வரியாக இந்திராணி அக்கா வீட்டை வைத்தேன். அய்யா ரயில் ஏறும் முன் அலுவலகத்திலேயே ஒத்திகை. மணிக்குப் பதில் டம்ளரும் கரண்டியுமாக நான் சபாநாயகர்.

அய்யா எழுந்தார், தொண்டையைச் செருமினார். "பெருமதிப்பிற்குரிய சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பித்தவர், தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, மாவட்டம் அவர்களே, ஒன்றியம் அவர்களே, நகரம் அவர்களே என்று மேடைப் பழக்கத்தில் இறங்கிக்கொண்டே போனார். வட்டம் வந்தபோது நான் டம்ளரைத் தட்டினேன். விஷயத்தை அவர் இன்னும் தொடவே இல்லை! "அய்யா, ஒன்றியமும் நகரமும் நாடாளுமன்றத்துல இருக்க மாட்டாங்கய்யா" என்று கத்தினேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். "தெரியும்மா. ஆனா டிவி முன்னாடி இருப்பாங்கள்ல? பேரை விட்டுட்டா மனுஷன் அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் கோச்சுக்குவான்."

மீதிப் பேச்சு

விவாத நாளன்று அலுவலகம் கொள்ளாமல் கூட்டம். கோவிந்தராசு முறுக்கு கொண்டுவந்திருந்தார். டிவியில் ஒருவர் செலவைக் குறை என்றார், இன்னொருவர் வரியைக் குறை என்றார், மூன்றாமவர் எல்லாம் போன ஆட்சியின் தப்பு என்றார். நடுவில் கூச்சல் வேறு. இந்திராணி அக்கா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மழைக்காலக் கூட்டம்னு பேரு, அங்க ஒருத்தரும் நனையலையே மேடம்" என்றார். சாயங்காலம் அய்யா முறை வந்தது. மாவட்டத்தையும் ஒன்றியத்தையும் விட்டுவிட்டார், நல்லவேளை என்று மூச்சு விட்டேன். ஆனால் தன்னை அனுப்பிவைத்த மக்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார், ஊர் ஊராக. நீடாமங்கலம் என்றதும் அறையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். திருத்துறைப்பூண்டி என்றதும் மூலையிலிருந்து ஒரு விசில். வாய்க்கால் பெரியவர் தன் ஊர்ப் பேருக்கு எழுந்தே நின்றுவிட்டார். கைதட்டாதவர்கள் நானும் இந்திராணி அக்காவும்தான்.

நேரம் முடிகிறது என்று சபையில் மணி அடித்தது. அய்யா திடுக்கிட்டு நிமிர்ந்தார். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தேடினார், கிடைக்கவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டார். "எங்க குடவாசல் பக்கம் இந்திராணின்னு ஒரு அம்மா. வீடு தர்றோம்னு சொல்லி, இருந்த கூரையையும் பிரிக்க வச்சீங்க. இப்ப நெருக்கடிங்கறீங்க. வர்ற மழைக்கு உங்க நெருக்கடி தெரியுமா? பணத்தைக் குடுங்க. இல்லைன்னா அந்த அம்மா கூரையை" என்றபோது மைக் நின்றுவிட்டது. அய்யாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இந்திராணி அக்கா திரையைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார்: "திருப்பிக் குடுங்க."

மணி

அமைச்சரின் பதிலில் உலகப் பொருளாதாரம் இருந்தது, கூரை இல்லை. அந்த ஐப்பசி மழையில் நான் ராத்திரி கண் விழித்தபோதெல்லாம் இந்திராணி அக்காவைத்தான் நினைத்தேன், அழுதும் இருக்கிறேன். கோவிந்தராசு தன் ஆலைக் கொட்டகைத் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போய் அந்தச் சுவர்கள் மேல் போட்டுவிட்டு வந்தார், என்னிடம் சொல்லக்கூட இல்லை. மாசியில் தவணை வந்தது. அய்யா பேசியதால் வந்தது என்றது கட்சி, தாங்கள் எழுதியதால் என்றது ஊராட்சி ஒன்றிய ஆபீஸ், எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கான்கிரீட் போட்டாயிற்று. கதவுக்கும் ஜன்னலுக்குமான கடைசித் தவணைதான் பாக்கி. அதற்காகக் காத்திருக்காமல் வாசலில் ஒரு புடவையைத் தொங்கவிட்டு, அக்கா பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்.

அய்யா வந்தார். வாழ்த்த எழுந்தார். கோவிந்தராசு, வாய்க்கால் பெரியவர், கான்கிரீட் போட்ட மேஸ்திரி என்று ஒவ்வொருவருக்கும் "அவர்களே" போட ஆரம்பித்தார். நான் டம்ளரைத் தேடுவதற்குள் இந்திராணி அக்கா சாமி படத்துக்கு முன்னால் இருந்த மணியை எடுத்து ஆட்டினார். "நேரம் முடிஞ்சிடுச்சுங்க அய்யா. கதவுக்குப் பணம் எப்ப வரும்னு மட்டும் சொல்லிட்டு, சாப்பிட உக்காருங்க."

அய்யா இலை முன்னால் உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தொடருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் பேச்சு "கதவு" என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது, நன்றியும் வணக்கமும் மைக் நின்ற பிறகு சொல்லிக்கொள்ளட்டும்.