முப்பது வீட்டுச் சோப்பு

திண்டிவனத்து லேபில் ரத்தம் எடுக்கும் லூர்துமேரிக்கு நாற்பத்து மூன்று வயதில் ஒரு வியாதி வந்தது. இணையத்தில் எங்கே உலக சுகாதாரப் பாடம் இலவசமாக நடந்தாலும் சேர்ந்துவிடுவாள். எபோலா கவச உடையைக் கழற்றும் முறையை அடுப்படியில் ரெயின்கோட்டை வைத்தே பழகினாள். பனியில் விரல் விறைத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கு, மே மாத வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பரீட்சை எழுதி, தொண்ணூற்றாறு மார்க் வாங்கினாள். பதினொரு சான்றிதழ்கள் லேமினேஷன் பளபளப்போடு வேளாங்கண்ணி மாதாவுக்கு இருபுறமும் காவல் நின்றன.

பன்னிரண்டாவதுதான் முக்கியம்: கள ஆய்வு. அதில் தேறினால் விழுப்புரத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை நிச்சயம். திங்கள் காலை சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பயிற்சி சுலபம். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று முப்பது வீடுகளில் அறிந்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். நிபந்தனை ஒன்றே: எதை ஆராய்கிறோம் என்று ஜனங்களுக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது.

சனிக்கிழமை காலை நோட்டோடு தெருமுனைக்கு வந்தவள் அப்படியே நின்றாள். பன்னிரண்டடி பேனர். அதில் வெள்ளைக் கோட்டு மாட்டி அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். ‘கை கழுவுவதை ஆராய வீடு வீடாக வருகை தரும் உலக சுகாதாரச் சுடரே, வருக! ஞாயிறு மதியம் பிரியாணி விருந்து.’ கீழே, வாழ்த்தும் நெஞ்சங்களாகக் கறிக்கடை பாண்டுரங்கன் உட்பட ஒன்பது தலைகள்.

“யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிக்கினு கீற?”

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் சவுரிராயன் பெருமையாக நிமிர்ந்தான். “காது குத்துனா பேனரு, வண்டி வாங்குனா பேனரு. நீ உலகத்தையே படிச்சிக்கினு கீற, உனுக்கு வைக்காம?”

“இன்னும் பாஸே பண்ணலியேய்யா!”

“அதுக்குள்ள மழ வந்து விருந்து கெட்டுட்டா?”

வேறு வழியில்லாமல் புறப்பட்டாள். வாசலுக்கு வாசல் தாம்பாளத்தில் புதுச் சோப்பு காத்திருந்தது. குப்பம்மாள் இரண்டு கைகளையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாரு மேரி. தெனம் பத்து தபா கழுவறேன்.”

“யக்கா, சோப்பு மேல சுத்துன காயிதத்தயே இன்னும் பிரிக்கலியே?”

“அது பதினோராவது தபாவுக்குடி!”

முப்பதுக்கு முப்பது. கை சுத்தத்தில் அந்தத் தெரு உலகத்தையே முந்திவிட்டது. இதை அனுப்பினால் சான்றிதழும் கிடையாது, விழுப்புரமும் கிடையாது. மேரி ஐந்தாம் பாடத்தைத் திரும்பப் புரட்டினாள்: கேட்டதை நம்பாதே, பார்த்ததை எழுது.

ஞாயிறு மதியம் பந்தல் வாசலில் தண்ணீர் டிரம்மும் சோப்பும் வைத்துவிட்டு, “ஆய்வு நேத்தே முடிஞ்சிட்ச்சி, எல்லாரும் சாப்புடுங்க” என்று அறிவித்தாள். பிறகு ஓரமாக உட்கார்ந்து, வீட்டுக்கு ஓர் ஆளைக் கண்ணில் வைத்து, கை கழுவினால் நோட்டில் ஒரு கோடு போட்டாள். அண்டா திறந்தது. குப்பம்மாள் சோப்பைத் தாண்டி ஒரே எட்டில் முதல் இலையைப் பிடித்தாள். ஆக மொத்தம் கழுவியது நான்கு வீடு.

‘சொன்னது முப்பது, செய்தது நான்கு’ என்று எழுதியபோது தாளில் மசாலா ஒட்டியது. எழுதிக்கொண்டே சாப்பிட்டவள் தானும் கழுவவில்லை. ஆராய்ச்சி தர்மத்துக்குக் கட்டுப்பட்டு, முப்பத்தோராவது வீடாகத் தன் வீட்டையும் கழுவாத பட்டியலில் சேர்த்து அனுப்பினாள்.

தொண்ணூற்றொரு மார்க். வேலையும் கிடைத்தது. இப்போது தினமும் விழுப்புரம் போய்வருகிறாள். அங்கிருந்து எந்த ஊருக்கு, எதைக் கேட்கப் போகிறாள் என்பதை மட்டும் புருஷனிடம் சொல்வதில்லை.