அப்பாவுக்குக் கோபம் வந்த ஆறு வாரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு வயிற்றுப்புண் முற்றி, தருமபுரியில் ஆபரேஷன் செய்து பாதி இரைப்பையை எடுத்தார்கள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் புளி விற்றவர். அதுவரை யாரையும் அதட்டிப் பேசியதில்லை. பெருமையாகச் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாததைச் சாதுவான குணம் என்று ஊர் மெச்சியது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆள் மாறிவிட்டார். காலையில் காரணமில்லாமல் அழுவார். மத்தியானம் கஞ்சி டம்ளர் சுவரில் போய் விழும். அம்மா பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள்.

"பெரிய ஆபரேசன் ஆனா சிலருக்கு இப்படி அழுகையும் கோவமும் வருமுங்க. கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்" என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் அக்கா, ஏரியூர் அத்தை, ரொட்டியும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்தாள். நலம் விசாரித்த கையோடு, தன் மகனுக்கும் எனக்கும் தையில் கல்யாணம் வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். முறைப்பெண் என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை. அவன் குடித்துவிட்டுச் சந்தையில் விழுந்து கிடந்ததை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, "உம் பையன் குடிகாரன். எம் பொண்ண உன் வூட்டுக்குக் குடுக்கமாட்டன். எந்திரிச்சுப் போக்கா" என்றார்.

எனக்கு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அத்தை கோபித்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். எங்கள் சனத்தில் ஒரு சொல்லுக்காகப் பத்து வருடம் முகம் பார்க்காதவர்கள் உண்டு. அவளோ சிரித்தாள். "ஆபரேசன் பண்ணிக்கிட்டவன் பேச்ச நான் மனசுல வெச்சுக்குவனா? அவனுக்குச் சரியாவட்டும், பொறவு பேசிக்கலாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாவது வாரம் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது. வெற்றிலை பாக்கு பழத்தோடு ஏரியூர் போய், அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, கல்யாணத்துக்கு நாளும் குறித்துக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நெசந்தானேப்பா?" என்று கேட்டேன்.

"அது நான் பேசலம்மா, நோவு பேசுச்சு" என்றார். டாக்டர் சொன்னது அவருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

தையில் கல்யாணம். சித்திரையில் அவன் அறைந்ததில் எனக்கு இடது காது கேட்காமல் போனது. பார்க்க வந்த அப்பாவிடம், என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று அழுதேன். "ஆம்பள அப்படித்தான் இருப்பான், கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றார். அன்று அவருக்கு ஒரு நோயும் இல்லை.