கங்கு பட்டிருக்கும்

பூமாரிக்கு அந்த ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த வேலை படுக்கை விரிப்பதும் நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிடுவதும். எழுதிக்கொடுக்காத வேலைதான் பெரிசு. தாராவியிலிருந்து எந்தத் திருநெல்வேலிக்காரர் வந்து படுத்தாலும், அவர் சொல்வதை இந்தியாக்கி டாக்டரிடம் சேர்ப்பது அவள்தான். பதினாறு வருஷமாகச் செய்கிறாள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. மண்டைக்கனம் மட்டும் கொஞ்சம் உண்டு. பாவம், அதையாவது வைத்துக்கொள்ளட்டுமே.

போன ஆவணியில் இசக்கிப்பாண்டி வந்தான். குர்லாவில் லேத் பட்டறை வேலை. ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போய்த் திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. ஈரல் வீங்கிவிட்டது, மூச்சு வாங்கியது.

அதுகூடப் பரவாயில்லை. மனைவி கோமதி காதருகே போய்ப் பேர் சொல்லிக் கத்தினாலும் அவன் திரும்ப மாட்டான். ஆனால் யாருமே இல்லாத சுவரைப் பார்த்து, "இந்தா வாரேன்" என்பான். சற்றுப் பொறுத்து, எதையோ கேட்டுக்கொண்டவன் போலத் தலையாட்டுவான். "மேளம் கிட்ட வந்துட்டு. செருப்ப எடு, போவணும்." நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்தில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் குலை நடுங்காது? பக்கத்துக் கட்டில்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி வேறு இடம் மாறிக்கொண்டார்கள். பூமாரியும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தாள். வெட்கம் என்ன, பயந்தாள்.

"கூப்புடுதாருக்கா. கொண்டுபோவாம விடமாட்டாரு" என்று கோமதி அழுதாள். சாமியின் பேரைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை உடம்பு துடைக்கும்போது, வேட்டி முடிச்சுக்குக் கீழே கொடையில் தீக்கங்கு பட்ட புண் என்று எழுதியிருந்த அந்தக் கறுத்த பொருக்கில் பூமாரியின் ஈரத்துணி அழுந்திவிட்டது. அவன் முகம் சுளிக்கவில்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு அப்படியே இருந்தது. கையில் சுடுகஞ்சி கொட்டினாலே ஒரு மாசம் துடிக்கிறோம், இதென்ன வலிக்காத தீப்புண்?

"கங்கு என்னைக்குட்டி பட்டுது?" என்று கோமதியிடம் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கொடைக்கே போவலையே."

"நீதான சொன்ன?"

"தீப்பந்தம் புடிச்சாவல்லா, கங்கு பட்டிருக்கும்னு சொன்னேன். பாத்தேன்னா சொன்னேன்?"

முதல் நாள் டாக்டர் கேஷவ் அந்தப் பொருக்கின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்தான். கோமதி, பட்டிருக்கும் என்றாள். பூமாரி அதை இந்தியில், தீயில் சுட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டாள். ஊகத்தைச் சத்தியமாக்கிக் கொடுத்துவிட்டாள். அவரும் தீப்புண் என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனார்.

சொன்னால் வேலை போகலாம், ஒப்பந்தக் கூலிதான். சொல்லாவிட்டால் இவன் போய்விடுவான். போய்ச் சொன்னாள். கேஷவ் டார்ச்சோடு ஓடி வந்தார், குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஊரில் புதருக்குள் கிடந்தானா என்று கேட்டார். கோயிலுக்குப் பின்னால் புதரோரம் மூன்று இரவு படுத்திருந்ததாக அவன் ஊரிலிருந்து வந்ததும் சொன்னான் என்றாள் கோமதி.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்த இடம் அது. கடி வலிக்காது, காய்ச்சல் ஈரலுக்குப் போகும், மூளைக்குப் போகும், காதையும் அடைக்கும். உள்ளே இரைகிற இரைச்சல்தான் மேளம். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் சரியான மருந்தை ஏற்றினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, சுவரோடு பேச்சும் நின்றது. வலது காது மட்டும் திறக்கவேயில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று கோமதி, "நீங்கதான்க்கா என் சாமி" என்று காலில் விழப்போனாள். பூமாரி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவளால் முடியவில்லை. "நாந்தான் தப்பாச் சொன்னேன் தாயி. மூணு நாளு என்னாலதான் வீணாப்போச்சு" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கோமதி கையை எடுத்துக்கொண்டாள்.

இசக்கிப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இவிய யாருட்டி?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான்.

கோமதி அவன் இடது காதுப் பக்கம் குனிந்தாள். "இங்க வேல பாக்கவிய" என்றாள்.

பூமாரி அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.